செவ்வந்திக்குக் கிடைத்த சாமானியப் பதவி

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரிக்குச் சாமானிய ஆள் ஒருவர் தேவைப்பட்டார். தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்களே என்று நினைப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆறு மாதம் தேடினார்கள்.

எதற்குத் தேடினார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய ஊர்க் கல்லூரிகள் மட்டும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தால் போதாது, வயலுக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லூரிகளும் செய்ய வேண்டும், அங்கே படிக்கிற பிள்ளைகளும் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று டெல்லியில் ஒரு திட்டம் போட்டார்கள். இசைவாணி என்கிற விலங்கியல் டீச்சர் அதற்கு எழுதிப் போட்டார். நடவு நடுகிற பெண்களுக்கு வருகிற எலிக்காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தார். வயல் எலியின் மூத்திரம் சேற்றில் கலக்கிறது, காலில் இருக்கிற வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகிறது. யாருக்கு வருகிறது, எப்போது வருகிறது என்று தெரிய வேண்டுமானால், சேற்றில் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு முறை, நட்டு முடித்த பிறகு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மாணவிகள் இதில் பயிற்சி பெறுவார்கள். டெல்லியில் சரி என்றுவிட்டார்கள்.

சரி என்றதும் முதலில் வந்தது குளிர்ப்பெட்டி. ஊசி வரவில்லை, சோதனை மருந்து வரவில்லை, பீரோவைவிட உயரமான பெட்டி மட்டும் வந்து இறங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி குளிர். எடுக்கிற ரத்தத்தை அதில்தான் வைக்க வேண்டும். ரத்தம் எடுக்கக் குழு ஒன்று அனுமதி தர வேண்டும். குழு இன்னும் அமையவில்லை. ஆனால் பெட்டியை அணைத்துவைத்தால் வாரண்டி போய்விடும் என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனதால் அது இரவும் பகலும் ஓடியது. கல்லூரி உதவியாளர் ஜாஹித் நாளைக்கு மூன்று வேளை குளிர் எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதுவார். 'உள்ளே இருப்பது' என்று நோட்டில் ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மின்சாரம் போனால் ஜெனரேட்டரைப் போட ஓடுவார். ஒன்றுமில்லாதது கெட்டுப்போகக் கூடாதல்லவா.

அந்தக் குழுவில்தான் சாமானியர் வேண்டும். மனிதர்கள் உடம்பில் ஆராய்ச்சி செய்வதானால் அது நியாயமா என்று பார்க்க டாக்டர், வக்கீல், இன்னும் சிலரோடு, விஞ்ஞானம் தெரியாத, கல்லூரியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரும் உட்கார வேண்டும் என்பது சட்டம். முதல்வர் பஞ்சநதம் தம் மச்சினரைச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எப்படிச் சாமானியர் ஆவார் என்று, குழுவுக்கு வரச் சம்மதித்திருந்த வக்கீல் கேட்டார். டீக்கடைக்காரரைச் சொன்னார்கள். கல்லூரிக்கே அவர்தான் டீ கொடுக்கிறார், ஆகவே தொடர்பு உண்டு. ஒரு விவசாயி கிடைத்தார், விசாரித்தால் வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் விண்ணப்பத்தோடு வந்தார். 'சாமானியராகப் பதினைந்து ஆண்டு அனுபவம்' என்று அதில் இருந்தது. பின்னாலேயே கட்சிக்காரர் ஒருவர் சிபாரிசுக் கடிதமும் கொண்டுவந்தார். சிபாரிசு வைத்துக்கொண்டு வருகிறவன் சாமானியனா என்று அவரையும் தள்ளினார்கள்.

அப்போதுதான் இசைவாணி டீச்சர் செவ்வந்தியைப் பார்த்தார்.

செவ்வந்தி நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். வயது நாற்பத்தெட்டு. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. பதிமூன்று வயதில் நாற்று முடியைக் கையில் வாங்கினாள். இயந்திர நடவு வந்து பக்கத்து ஊர்க் கூட்டங்கள் எல்லாம் கலைந்த பிறகும், இயந்திரம் இறங்க முடியாத பள்ளத்து வயல்களை எல்லாம் இவள் கூட்டம்தான் நட்டது. அவள் நடுகிற வரிசை நூல் பிடித்ததுபோல் இருக்கும். பிடிவாதமும் அப்படித்தான். வளையாது. புருஷன் தங்கையன் நல்ல மனிதன், அவள் சொல்வதற்குத் தலையாட்டுவான், சொல்லாததற்கும் ஆட்டுவான்.

டீச்சர் நாற்றங்கால் வரப்பில் நின்று காய்ச்சலைப் பற்றி விளக்கி, குழுவில் உட்கார வருவீர்களா என்று கேட்டபோது செவ்வந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க கூட்டத்துச் செந்தாமரை போன வருஷம் ஐப்பசியில செத்தா. கண்ணு மஞ்சளா இருந்துச்சு. வெறும் காய்ச்சல்னுதான் எழுதிக் குடுத்தாங்க. அது என்ன காய்ச்சல்னு கண்டுபுடிச்சுச் சொல்லுவீங்களா டீச்சர்?"

"செத்தவங்களுக்குச் சொல்ல முடியாதுங்க. இருக்குறவங்களுக்குச் சொல்லலாம்."

செவ்வந்தி தன் கூட்டத்தைப் பார்த்தாள். ஒன்பது பேர் குனிந்து குறுவை நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்பதில் அடுத்தது யார் என்று சேற்றுக்குள் இறங்கும் ஒவ்வொரு நாளும் அவள் மனதுக்குள் ஓடுகிற கேள்விதான் அது.

"அப்ப வர்றேன்" என்றாள்.

வருகிறேன் என்றால் விட்டுவிடுவார்களா? அவள் சாமானியர்தான் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார் வக்கீல். கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். அவர் கணினியில் தேடித் தேடிப் பார்த்தார்.

"சாதிச் சான்று இருக்கு, வருமானச் சான்று இருக்கு. சாமானியர்னு ஒண்ணு இல்லையேம்மா. விதவைச் சான்று போட்டுத் தரட்டா? அது உடனே வந்துரும்."

"எங்க வீட்டுக்காரரு வாசல்ல மொபெட்டோட நிக்கிறாருங்க."

"அப்ப அது வேணாம்" என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடு.

கடைசியில் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஆனது. அதை எழுதிக்கொள்ள ஆர்த்தி என்கிற மாணவி வந்தாள். தரங்கம்பாடிப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அக்கா, ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் எழுதியிருக்கீங்களா?"

"இல்ல பாப்பா."

"வெளிநாட்டுப் பயணம்?"

"கொள்ளிடம் தாண்டி அரியலூரு போயிருக்கேன். அதுவும் பருத்தி எடுக்க."

"விருது?"

"கயிறு இழுக்குற போட்டியில எவர்சில்வர் குடம் குடுத்தாங்க. ஓட்டை."

ஆர்த்தி எல்லாவற்றையும் எழுதினாள். குடம் ஓட்டை என்பதையும் எழுதினாள்.

அதற்கப்புறம் பயிற்சி. குழுவில் உட்காருகிறவர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கணினியில் இரண்டு மணி நேரம் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார், கீழே இந்தியில் எழுத்து ஓடியது. செவ்வந்தி கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் அச்சடித்த சான்றிதழ் வந்தது. உடனே வக்கீல் எழுந்தார். "பயிற்சி பெற்றுவிட்டால் இவர் எப்படிச் சாமானியர்?" பயிற்சி இல்லாமல் குழுவில் இருக்க முடியாதே என்றார் முதல்வர். பயிற்சியோடு சாமானியராக இருக்க முடியாதே என்றார் வக்கீல். நாற்பது நிமிடம் இதுவே ஓடியது. கடைசியில் செவ்வந்தியையே கேட்டார்கள்.

"பாத்தேங்க. ஒரு சொல்லும் புரியல."

எல்லாருக்கும் நிம்மதி. 'பயிற்சி பெற்றார். புரியவில்லை என உறுதியளித்தார். ஆகவே சாமானியராகத் தொடர்கிறார்' என்று குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது, சம்பா நாற்றுக்கு இருபது நாள் வயதாகிவிட்டது. நாற்று முதிர்ந்தால் பயிர் போச்சு. ஐந்தாறு நாளில் சேற்றில் இறங்கியாக வேண்டும். இறங்கிவிட்டால் முதல் ரத்தம் எடுப்பதில் அர்த்தமில்லை. டெல்லியிலிருந்தும் கடிதம் வந்தது. இந்த மாதக் கடைசிக்குள் உள்ளே எதுவும் வைக்காவிட்டால் குளிர்ப்பெட்டியை வேறு கல்லூரிக்கு மாற்றுவோம், பயிற்சியும் அத்தோடு சேர்ந்து போகும் என்று எழுதியிருந்தார்கள். குழுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

அன்றைக்குச் செவ்வந்தி ஒன்பது பெண்களோடு கல்லூரி வாசலில் வந்து நின்றாள்.

ஜாஹித் பதறிவிட்டார். "அக்கா, லெட்டர் உங்க ஒருத்தருக்குத்தான்."

"இருக்கட்டும் பாய். ஒத்தையா வந்து இவளுக ரத்தத்துக்கு நான் வாக்குக் குடுத்துட்டுப் போனா, நாளைக்கு வரப்புல என் மூஞ்சியில எவ முழிப்பா? கூலி பேசுறப்ப எல்லாரும் நிக்கிறோம்ல, அதுமாதிரிதான்."

"பிஸ்கட்டு எட்டுப் பேருக்குத்தான் வாங்கியிருக்கு."

"நாங்க பிஸ்கட்டு திங்க வரலை. குடுத்தா வேணாம்னும் சொல்லல" என்றாள் ஞானாம்பாள். கூட்டத்திலேயே மூத்தவள், அறுபத்திரண்டு வயது. வாயை மூடினால் உடம்புக்கு ஆகாது அவளுக்கு.

பத்துப் பேரும் உள்ளே போய்ச் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். தலைவர் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற டாக்டர், தன்மையான மனிதர். "உக்காருங்கம்மா" என்றார்.

"பேசி முடியட்டுங்க" என்றாள் செவ்வந்தி.

நடவுக்கூட்டத்தின் வழக்கம் அது. பேச்சு முடிகிறவரை வரப்பில் நிற்பார்கள். ஒருத்தி சேற்றில் கால் வைத்துவிட்டாலும் சம்மதித்துவிட்டதாக அர்த்தம். நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே அர்த்தம்தான் என்று வருகிற வழியில் பஸ்ஸிலேயே பேசி முடிவு செய்திருந்தார்கள். பெண்கள் நிற்க, தாம் மட்டும் உட்கார்ந்திருக்கத் தலைவருக்கு மனம் வரவில்லை. அவர் எழுந்தார். தலைவர் நிற்கும்போது முதல்வர் உட்கார முடியுமா? அவரும் எழுந்தார். இசைவாணி டீச்சர் எழுந்தார். வக்கீல் முழங்கால் வலிக்காரர், அவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எட்டு நாற்காலியும் காலியாகக் கிடக்க, கூட்டம் இரண்டரை மணி நேரம் நின்றபடியே நடந்தது.

ஒப்புதல் படிவத்தை ஆர்த்தி உரக்கப் படித்தாள். பதினான்கு பக்கம்.

"ஐந்து மில்லி லிட்டர் ரத்தம் எடுக்கப்படும்."

"அது எம்புட்டு?" என்றாள் ஞானாம்பாள்.

"ஒரு ஸ்பூன் அளவு பாட்டி."

"பாட்டியா? உங்க முதல்வருக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும், அவர தாத்தாம்பியா?"

பஞ்சநதம் கூரையைப் பார்த்துக்கொண்டார். ஆர்த்தி தொடர்ந்தாள்.

"இந்த ஆய்வினால் உங்களுக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை."

பத்துப் பேரும் சிரித்தார்கள். சுவரில் சாய்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "வெள்ள நிவாரணத்துக்கு எழுதி வாங்குனப்பகூட இப்படி ஒளிவு மறைவில்லாம எவனும் சொல்லலடி" என்றாள் ஞானாம்பாள். வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வரியில் சிரிப்பு நின்றது.

"உங்கள் பெயர் நீக்கப்பட்டு எண் மட்டும் இடப்படும். சோதனை முடிவுகள் தனி நபர்களுக்குத் தெரிவிக்கப்பட மாட்டா."

"நில்லு பாப்பா" என்றாள் செவ்வந்தி. "பேரை எடுத்துட்டா, காய்ச்சல் வந்தவ எவளுன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதுதான் பாதுகாப்பு" என்றார் வக்கீல். "இன்னாருக்கு இன்ன நோய் என்று வெளியே போகக் கூடாது அல்லவா?"

"வெளியில போகக் கூடாது, சரிங்க. உள்ள இருக்குறவளுக்கும் தெரியக் கூடாதா? கிருமி இருக்குன்னு உங்க பொட்டிக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியும், டெல்லிக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவ பாட்டுக்குக் கஞ்சியக் குடிச்சுட்டுப் படுத்துருப்பா. செந்தாமரையும் அப்படித்தான் படுத்துருந்தா."

இசைவாணி டீச்சர் தரையைப் பார்த்தார். அந்த வரியை அவர் எழுதவில்லை, டெல்லி கொடுத்த மாதிரிப் படிவத்தில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டார்.

முதல்வருக்குக் குளிர்ப்பெட்டி ஞாபகம். "அம்மா, இப்ப கையெழுத்தைப் போட்ருங்க. அப்புறமா அந்த வரிய மாத்திக்குவோம்."

"நாத்த நட்டுட்டு அப்புறம் கூலி பேசச் சொல்றீங்களா சார்?"

"இப்போது மாற்றினால் டெல்லிக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். நாற்பத்தைந்து நாள்" என்றார் வக்கீல்.

"அப்ப நாங்க கெளம்புறோங்க."

கிளம்புகிறோம் என்றாளே தவிர அவள் நகரவில்லை. நாற்பத்தைந்து நாள் என்றால் நடவு முடிந்து களை எடுத்திருப்பார்கள். இந்த வருஷமும் தெரியாமலே போய்விடும். விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. அவள் அங்கேயே நின்றாள். எல்லாரும் நின்றார்கள்.

ஆர்த்திதான் படிவத்தைப் புரட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "சார், எந்த நம்பர் யாருன்னு ஆராய்ச்சி செய்யுறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் விதி. வெளியாள் ஒருத்தர் கையில அந்தப் பட்டியல் இருக்கலாம். டெல்லி விதிப் புத்தகத்துலயே இருக்கு."

தலைவர் நிமிர்ந்தார். "இருக்கிறது. அந்த ஒரு வரியை இந்தக் குழுவே திருத்திக்கொள்ளலாம். ஆனால் பட்டியலை யார் வைத்துக்கொள்வது? காகிதம் தொலையும், திருடு போகும்."

"காகிதம் எதுக்குங்க?" என்றாள் செவ்வந்தி. "வயல்ல இறங்குனா எங்களுக்கு எடம் மாறாது. வரப்பு ஓரத்துல நான், அது ஒண்ணு. எனக்கு அடுத்தவ ரெண்டு. கடைசி ஆளு பதினொண்ணு. இருட்டுல நிறுத்துனாலும் அவ அவ எடத்துலதான் நிப்பா. நீங்க நம்பரச் சொல்லுங்க, ஆள நான் பாத்துக்குறேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுத்தில் இல்லாத பட்டியல். தொலையாது, திருட முடியாது. நீதிமன்றமே கேட்டாலும் வயலில் இறங்கி நின்றால்தான் தெரியும். "இதைவிடப் பாதுகாப்பு வங்கியில்கூடக் கிடையாது" என்றார்.

திருத்தம் எழுதி, உரக்கப் படித்து, பத்துப் பேரும் தலையாட்டிய பிறகு செவ்வந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மளமளவென்று எல்லாரும் நாற்காலியிலும் தரையிலுமாக உட்கார்ந்தார்கள். வக்கீல் 'அப்பாடா' என்றது வராந்தாவரை கேட்டது. எட்டுப் பேருடைய பிஸ்கட்டை ஜாஹித் உடைத்து உடைத்துப் பரிமாறினார்.

இரண்டு நாளில் ஊசியும் நர்ஸும் வந்து சேர, வரப்பிலேயே ரத்தம் எடுத்தார்கள். எடுத்தது நர்ஸ், எண்ணைச் சொன்னது செவ்வந்தி, மாணவிகள் தள்ளி நின்று எண் ஒட்டிய குழாய்களை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் கூட்டம் சேற்றில் இறங்கியது.

நட்டு இருபது நாள் கழித்து இரண்டாவது ரத்தம். அது முடிந்த மூன்றாம் நாள் ஆர்த்தி போன் செய்தாள். அவள் கையால் செய்த முதல் சோதனை அது. டீச்சரும் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டார்.

"அக்கா, எட்டாம் நம்பர். ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு வரப்பு ஓரத்திலிருந்து ஒவ்வொருத்தியாக எண்ணினாள். எட்டு, ஞானாம்பாள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தாள்.

"அத்தாச்சி, எந்திரி. காய்ச்சலா?"

"அடிப் போடி. ஒடம்பு வலி. நாலு நாளா நடவுல குனிஞ்ச இடுப்பு..."

"நடவு முடிஞ்சு மூணு வாரமாச்சு. கண்ணத் தொற."

கண்ணில் லேசாக மஞ்சள் படர்ந்திருந்தது. தங்கையன் மொபெட்டை எடுத்தான். நடுவில் ஞானாம்பாள், பின்னால் அவளை இடுப்போடு கட்டிப்பிடித்தபடி செவ்வந்தி. "எறக்கி விடுங்கடி, எவனாச்சும் பாத்தா என்ன நெனைப்பான்" என்ற சத்தம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வரை ஓயவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

எட்டு நாளில் திரும்பி வந்தாள். யாருக்கு என்று வெளியே தெரியக் கூடாது என்று செவ்வந்தி வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள், புருஷனிடம்கூட எண்ணைச் சொல்லவில்லை. ஞானாம்பாளோ பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் நின்று, "எட்டு நான்தான்! டெல்லி வரைக்கும் போயிருக்கு என் ரத்தம்!" என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டாள். இதைக் கேள்விப்பட்ட வக்கீல், ஒருவர் தம் ரகசியத்தைத் தாமே சொல்லிக்கொள்வதைத் தடுக்க விதியில்லை என்று எழுதி அனுப்பினார்.

தை மாதம் டெல்லியிலிருந்து ஒரு அம்மா சோதனைக்கு வந்தார். குளிர்ப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். புகைபோல் குளிர் வந்தது. தட்டில் வரிசையாகக் குழாய்கள், ஒன்று முதல் பதினொன்று வரை. ஐந்தாம் குழாய் மட்டும் காலி. ஜாஹித்தின் நோட்டைப் புரட்டினார். 'ஐந்து: ஒன்றுமில்லை' என்று மூன்று வேளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

"ஒன்றுமில்லாத குழாயை எதற்கு எண்பது டிகிரிக் குளிரில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். இசைவாணி டீச்சர் அதைத் தமிழில் சொல்ல, எல்லாரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள்.

"அது செந்தாமரை எடம். அவ இப்ப இல்ல."

"அவர் இறந்துவிட்டார் என்றால் அந்த எண்ணை எடுத்துவிடலாமே?"

"எடுத்தா ஆறு அஞ்சாயிரும், ஏழு ஆறாயிரும். அப்புறம் ஒருத்திக்கு வந்த காய்ச்சலுக்கு இன்னொருத்திக்கு மாத்திரை குடுப்பீங்க. வயல்லயும் அந்த எடத்த விட்டுத்தான் நிக்கிறோம். அவ பங்கையும் பக்கத்துல ரெண்டு பேரும் நட்டுக்குறாங்க. நாலும் ஆறும்."

டீச்சர் மொழிபெயர்த்ததும் அந்த அம்மா பெட்டியைத் தாமே மூடினார். பிறகு தம் தாளில் என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, பெட்டி மட்டும் அங்கேதான் இருக்கிறது, அடுத்த பன்னிரண்டு மாணவிகளும் சேர்ந்துவிட்டார்கள்.

அவர் பேனாவை மூடும்போது மின்சாரம் போனது.

"பாய், ஓடுங்க" என்றாள் செவ்வந்தி.

ஜாஹித் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.